ஒரு நாளைக்கு ஐந்து துணி

துணிப்பை சார் வீட்டில் குப்பைக்கூடை கிடையாது. இதைப் பெருமையாக அவரே எல்லோரிடமும் சொல்வார். மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் வாத்தியார்தான், ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது பாடத்தால் அல்ல, தோளில் எந்நேரமும் தொங்கும் துணிப்பையால். எண்ணெய் வாங்கத் தூக்கு, பருப்பு வாங்கப் பை, டீக்கடைக்குச் சொந்த டம்ளர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப் போடுகிற சாமான்களால் உலகம் எப்படிப் பாழாகிறது என்று பேசுவார். நன்றாகவே பேசுவார். சும்மா சொல்லக் கூடாது, மனிதர் சொன்னதைச் செய்கிறவர்தான். தோய்க்கிற ஒரு வேலையைத் தவிர.

தோய்ப்பதை அவர் வேலை என்று நினைத்ததே இல்லை. துணி அழுக்காகும், பிறகு வெளுத்துக் கொடியில் தொங்கும். நடுவில் நடப்பது மழை பெய்வது மாதிரி தானாக நடக்கிறது என்று அவர் எண்ணம். நடுவில் இருந்தது அவர் மனைவி.

அவளை இங்கே மருமகள் என்றே சொல்லிக்கொள்வோம். ஏனென்றால் இது அவளுக்கும் அவள் மாமனாருக்கும் நடுவில் நடந்த விஷயம். ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் அவளுக்கு ஒன்பது வருஷ வேலை. சின்னப் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாலே இன்ன கோளாறு என்று பாதியைச் சொல்லிவிடுவாள். மீதியை மெஷின் சொல்லும்.

மாமனார் முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ரிட்டையர் ஆன பிறகும் நாக்கு மட்டும் ரிட்டையர் ஆகவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் முதுகெலும்பின் அடியில் நரம்பு நசுங்கிப்போனது. கால் இரண்டும் விழுந்துவிட்டன. சிறுநீர் எப்போது வருகிறது என்பதே அவருக்குத் தெரியாமல் போயிற்று. கையும் வாயும் புத்தியும் முன்போலவே இருந்தன. அதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம். புத்தி மழுங்கியிருந்தால், பெற்ற பெண் மாதிரி வைத்திருந்த மருமகள் தன் ஈரத்தைத் துடைக்கிறாள் என்பது தெரியாமலாவது போயிருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே டயபர் பேச்சு எழுந்தது. துணிப்பை சார் கட்டிலருகே உட்கார்ந்து, வகுப்பில் பாடம் எடுக்கிற நிதானத்தோடு சொன்னார்.

"அப்பா, ஒரு டயபர் மக்கறதுக்கு ஐந்நூறு வருஷம் ஆகும்னு சொல்றாங்க. நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப டயபரா கட்டினாங்க? துணிதானே."

"ஐந்நூறு வருஷமா? பேசாம கட்டிடுடா. நம்ம வம்சத்துல அவ்வளவு நாள் நிலைச்சு நிக்கப் போறது அது ஒண்ணுதான்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சார் சிரிக்கவில்லை. பழைய பருத்திப் போர்வைகளையும் படுக்கை விரிப்புகளையும் அவரே அளவெடுத்து வெட்டி, ஓரம் தைக்கக் கொடுத்து, நாற்பது துணிகளை அடுக்கி வைத்தார்.

ஒரு நாளைக்குப் பதினான்கு துணி ஆயிற்று. ஊறவைக்க வேண்டும், அலச வேண்டும், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கசக்க வேண்டும் (சோப்புத்தூளும் அந்த வீட்டுக்குள் வராது), கொதிக்க வைக்க வேண்டும், பிழிய வேண்டும், ஜன்னலுக்கு வெளியே கட்டின கொடியில் காயப்போட வேண்டும். மழை நாளில் மின்விசிறிக்கடியில் நாற்காலி நாற்காலியாகப் போட வேண்டும். பதினான்கையும் முடித்து நிமிர்ந்தால் பதினைந்தாவது நனைந்திருக்கும். மருமகளின் விரல் நுனிகள் வெடித்தன. உப்புக்காரம் பட்டால் உயிர் போயிற்று. லேப்பில் சம்பளமில்லாத லீவு போட்டிருந்தாள், முதலில் ஒரு மாதம், பிறகு இன்னொரு மாதம், அதற்குப் பிறகு ஒன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாரே தோய்த்தார். ஏழு துணிக்கு அரை நாள் ஆயிற்று. கொடியில் தொங்கும் துணிகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டார். 'மகன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்' என்று உருகி உருகி எழுதினார்கள். திங்கட்கிழமைத் துணியைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை.

நான்காவது மாதம் லேப் பொறுப்பாளரம்மா போன் செய்தார். மருமகள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாமனாரின் கட்டிலருகில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமனார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"நான் எவ்வளவு நாள்மா உன் இடத்தைப் பிடிச்சு வைக்க முடியும்? ஒண்ணாம் தேதி வந்துடு. வரலைன்னா வேற ஆள் போட்டுடுவேன். மனசுல எதுவும் வெச்சுக்காதே."

ஒன்பது வருஷ வேலை. ஒன்றாம் தேதிக்கு இருபது நாள் இருந்தது.

அன்று மாலையே கணவனிடம் கேட்டாள். கெஞ்சினாள் என்றே சொல்லலாம். "பகல்ல மட்டும் டயபர் போட்டுக்கலாங்க. பார்த்துக்க ஒரு ஆள் வெச்சுக்கலாம். ராத்திரி துணியை நான் பார்த்துக்கறேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட ஒரு சண்டை போட்டு ஜெயித்திருப்பாள். அவர் வருத்தப்பட்டார். "நாளைக்கு எந்த முகத்தோட நான் மேடையில ஏறுவேன்? நம்ம வீட்டு வாசல்ல ஒரு டயபர் பொட்டலம் கிடந்தா ஊரு என்ன சொல்லும்? நீயே யோசிச்சுப் பாரும்மா. ஆள் வெச்சுக்கோ. துணி தோய்க்கிற ஆளா பார்த்து வெச்சுக்கோ."

துணி தோய்க்கிற ஆளாம். வந்தவர்கள் எல்லாம் கட்டிலைப் பார்த்துவிட்டுக் கொடியைப் பார்த்தார்கள், பிறகு வாசலைப் பார்த்தார்கள். நான்காவதாக வந்த ஆயா மட்டும் நின்று பேசினாள். வாட்டசாட்டமான பெண்பிள்ளை, பேச்சிலே வழவழ கொழகொழ கிடையாது.

"டயபர்னா இன்னிக்கே வரேன். துணின்னா என் நேரத்துல அஞ்சு. அதுக்கு மேல கை வைக்க மாட்டேன், முன்னாடியே சொல்லிட்டேன்."

மாமனார் தலையணையிலிருந்து கேட்டார். "அஞ்சுன்னா அஞ்சுதானா? ஸ்டாண்டிங்ல ஒண்ணு ரெண்டு ஏத்திக்க மாட்டியாம்மா?"

"அஞ்சுக்கு மேல ஏறாது தாத்தா."

எல்லோரும் சிரித்தார்கள். பதினான்கு எங்கே, ஐந்து எங்கே. நடக்கிற காரியமா என்று மருமகள் அவளை அனுப்பிவிட்டாள். வேலை போனது போனதுதான் என்று அன்றைக்குக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஆனால் பாருங்கள், மறுநாளிலிருந்து துணி குறைய ஆரம்பித்தது. பதினான்கு பதினொன்றாயிற்று. நான்கு நாளில் ஒன்பது. பத்தாம் நாள் பகலில் ஐந்து, இரவில் ஒன்று. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று மருமகள் பூரித்துப்போனாள். ஆயாவுக்கு அவளே போன் செய்து வரச்சொன்னாள். கணவனுக்கோ கால் தரையில் பாவவில்லை. துணி கட்டினால் ஈரம் உடம்புக்குத் தெரியும், தெரிந்தால் உடம்பு தானாகவே பழகிக்கொள்ளும், டயபர்தான் உடம்பைச் சோம்பேறி ஆக்குகிறது என்று புதிதாக ஒரு சித்தாந்தம் பிறந்தது. அடுத்த மேடையிலேயே அது ஏறிவிட்டது. "எங்க வீட்டையே உதாரணமா சொல்றேன். பதினாலு துணி, ரெண்டே வாரத்துல ஆறு."

முதுகுத்தண்டில் செத்துப்போன நரம்புக்கு என்ன தெரியும், என்ன பழகும்? வணிகவியல் வாத்தியாருக்கு அது தெரியாது, விட்டுவிடலாம். மருமகளுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் கேட்கவில்லை. ஒன்றாம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, கேட்க மனசு வரவில்லை. உள்ளதைச் சொன்னால் அவ்வளவுதான்.

ஒன்றாம் தேதி வேலைக்குப் போனாள். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டபோது அழுகை வந்துவிட்டது. ஸ்பிரிட் வாசனை, மெஷின் சத்தம், கூட இருப்பவர்களின் வம்பு, மத்தியானம் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பாடு. ஒரு ஊசியை ஒரு தடவைதான் குத்த வேண்டும், ஒரு கையுறையை ஒரு ஆளுக்குத்தான் போட வேண்டும், பிறகு தூக்கிப் போட்டுவிட வேண்டும். தூக்கிப் போடுவது இவ்வளவு சுகமா என்று இருந்தது அவளுக்கு. வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் சும்மாவே சிரித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் மாமனார் கேட்பார். "இன்னிக்கு எத்தனை பேரைக் குத்தினே?"

"நாப்பது பேரு மாமா."

"நல்ல கலெக்ஷன்தான்."

கட்டிலருகே ஜன்னல் திட்டில் தண்ணீர்ச் செம்பும் டம்ளரும் காலையிலேயே அவள் வைத்துவிட்டுப் போவாள். ஆயா மத்தியானம் மறுபடி நிரப்புவாள். சாயங்காலம் பார்த்தால் காலியாக இருக்கும். "குடிச்சீங்களா மாமா?" என்றால், "காலியா இருக்கே, தெரியலை?" என்பார். துணியில் கறை கொஞ்சம் கறுப்பாகத்தான் இருந்தது. பூந்திக்கொட்டைத் தண்ணீர் விடாமல் ஊறி ஊறி எல்லாத் துணியும் பழுப்பேறிப் போயிருந்தன. அந்தக் கறைதான் என்று நினைத்தாள். கீழ்வீட்டு அம்மாள் ஒரு நாள் மாடிப்படியில் நிறுத்தி, "உங்க ஜன்னல்ல இருந்து தண்ணி விழுதும்மா, எங்க பாத்திரம் கழுவற இடமெல்லாம் நனையுது" என்றாள். துணியைச் சரியாகப் பிழிவதில்லை என்று மருமகள் ஆயாவைக் கடிந்துகொண்டாள். ஆயாவுக்குப் பிழிந்து பிழிந்து கைதான் வலித்தது, குற்றச்சாட்டு நிற்கவில்லை.

மாமனார் பகலெல்லாம் தூங்க ஆரம்பித்தார். கிண்டல் குறைந்தது. "தொந்தரவே இல்லாத மனுஷன்க்கா. இருக்கற இடமே தெரியலை" என்று ஆயா மெச்சிக்கொண்டாள்.

ஆறாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆயாவிடமிருந்து லேப்புக்குப் போன் வந்தது. "தாத்தாவை எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்கறாருக்கா. உடம்பு கொதிக்குது."

ஆஸ்பத்திரியில் சிறுநீர்க் குழாய் போட்டு, வந்த கொஞ்சத்தைச் சின்னப் பாட்டிலில் பிடித்தார்கள். நர்ஸ் அதை எடுத்துக்கொண்டு போகும்போது மருமகள் பார்த்தாள். கடுந்தேநீர் நிறம். பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. இந்த நிறத்தைத்தான் ஒரு மாதத்துக்கு மேலாக அவள் தன் கையால் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். "ரெண்டு கிட்னியும் வேலை செய்யலை. உடம்புல தண்ணியே இல்லாம காஞ்சு கிடந்திருக்காரு, அதுக்கு மேல இன்ஃபெக்ஷன். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பாரு?"

"எட்டு டம்ளர் டாக்டர். நானே ஊத்தி வெப்பேன்" என்றாள் மருமகள்.

அதற்குள் துணிப்பை சார் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தார். உதவி செய்கிற ஆர்வத்தில் சொன்னார். "எங்ககிட்ட கணக்கே இருக்கு டாக்டர். பதினாலு துணியில இருந்து ஆறுக்குக் கொண்டு வந்தோம்."

"கொண்டு வந்தீங்களா?" டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "எட்டு டம்ளர் உள்ளே போச்சுன்னா ஆறு துணி எப்படி சார் போதும்? மிச்சம் எங்கே போச்சு?"

சாருக்குக் கேள்வியே புரியவில்லை. மருமகளுக்குப் புரிந்தது, பதில்தான் தெரியவில்லை. அந்த நேரத்தில் இன்னொரு நர்ஸ் வந்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், பொட்டலத்தைப் பிரித்து மாமனாருக்கு டயபர் கட்டினாள். கட்ட ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

"சிஸ்டர், நாங்க வீட்டுல துணிதான் உபயோகிக்கறோம். வேணும்னா போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்றார் சார்.

"வார்டுக்குள்ள அழுக்குத் துணியெல்லாம் கூடாது சார். கொஞ்சம் நகருங்க."

அவர் நகர்ந்தார்.

மாற்றுடை எடுக்க மருமகள் வீட்டுக்கு வந்தபோது கீழ்வீட்டு அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். விசாரித்தாள், உச்சுக்கொட்டினாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இந்த நேரத்துல சொல்லக் கூடாதுதான். காலையில இருந்து ஜன்னல்ல தண்ணி ஊத்தலையேன்னு அப்பவே நினைச்சேன். மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

"ஊத்தறதா? துணி சொட்டறதுதானே?"

"துணி சொட்டறது எனக்குத் தெரியாதாம்மா? இது ஊத்தறது. கம்பிக்கு வெளியே ஒரு கை வரும், டம்ளர் தெரியும். செடி ஏதும் வெச்சிருக்கீங்களோன்னு நினைச்சுக்கிட்டேன்."

மருமகள் மாடியேறினாள். காலி செம்பு ஜன்னல் திட்டில் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து அவர் இடத்திலிருந்து கையை நீட்டிப் பார்த்தாள். சுலபமாக எட்டியது. அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். பாவி மனுஷா, நாக்கு அவ்வளவு நீளமாயிற்றே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று மாமனார் மேல் ஆத்திரம் வந்தது. பிறகு கணவன் மேல் வந்தது. அது ரொம்ப நேரம் இருந்தது. கடைசியில், பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்த தன் மேல் வந்து நின்றது. அங்கிருந்து அது போகவில்லை. ஐந்து துணிக்கு மேல் ஏறாது என்று ஆயா சொன்னாள், எத்தனை ஏறுகிறது என்று பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று கிழவர் எடுத்துக்கொண்டுவிட்டார். அவள் வேலைக்குப் போக வேண்டும் என்று அந்த வீட்டில் நிஜமாக நினைத்த ஆள் அவர் ஒருவர்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கணவனிடம் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் வாயைத் திறந்தார். மேடையில் தங்கு தடையில்லாமல் பேசுகிற வாய். கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்தார். "சொல்லுங்க, என்ன பண்ணியிருப்பீங்க? ஒரு பாக்கெட் வாங்கியிருப்பீங்களா?" என்று மறுபடி கேட்டாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மருந்துச் சீட்டோடு கீழே போனார். படுத்துக் கிடப்பது பெற்ற அப்பா, அழத்தான் போனார். அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கெட்டவராக இருந்தால் எல்லாப் பழியையும் அவர் தலையில் போட்டுவிட்டு அவள் நிம்மதியாக இருந்திருப்பாள்.

முதல் இரண்டு நாள் மாமனாருக்குப் பாட்டில் பாட்டிலாக மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். சிறுநீரகம் கண் விழிக்கவில்லை. ஏற்றிய தண்ணீர் வெளியே வராமல் காலிலும் முகத்திலும் தேங்கிற்று, மூச்சு வாங்கியது. மூன்றாம் நாள் ஏற்றுவதை நிறுத்தினார்கள், டயாலிசிஸ் தாங்க உடம்பில் தெம்பில்லை என்றார்கள். இனிமேல் மாத்திரையோடு சேர்த்து நாளைக்கு இரண்டே டம்ளர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது, நுரையீரலில் போய் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லி, கட்டில் தலைமாட்டிலும் எழுதி ஒட்டினாள். தொற்றுக்குப் பயந்து குழாயையும் எடுத்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மாமனார் தெளிவாகக் கண்ணைத் திறந்தார். வீங்கிய முகத்தில் கண் சின்னதாகத் தெரிந்தது. மருமகளைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"இன்னிக்கு வேலைக்குப் போகலையா?"

"லீவு சொல்லியிருக்கேன் மாமா."

"லீவு மேல லீவு போடாதே. அந்தம்மா வேற ஆள் போட்டுடும்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கத்தான் ஐந்து நாளாகக் காத்திருந்தாள். கேட்க முடியவில்லை. அவர் இன்னொரு கையால் இடுப்பருகே தடவிப் பார்த்தார். வழவழவென்று என்னவோ தட்டுப்பட்டது.

"இது என்ன?"

"டயபர் மாமா."

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். மகன் இல்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இதை யாரு தோய்க்கறது?"

"யாரும் தோய்க்கறதில்லை. கழட்டித் தூக்கிப் போட்டுடுவாங்க."

"எத்தனை ஆனாலுமா?"

"எத்தனை ஆனாலும்."

அவர் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. டிக்கெட் எல்லாம் போட்டு முடித்துவிட்டு இருக்கையில் சாய்ந்த ஆள் மாதிரி இருந்தார்.

"அப்ப எனக்குக் குடிக்கத் தண்ணி குடும்மா. செம்போட குடு. ரொம்ப நாளா தாகமா இருக்கு."

அன்றைக்கு உள்ள இரண்டு டம்ளரும் காலை மாத்திரையோடும் பத்து மணி மாத்திரையோடும் முடிந்துபோயிருந்தன. மருமகள் பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, அவர் உதட்டில் ஒற்றினாள். அவர் வாயைத் திறந்தபடியே காத்திருந்தார்.

"இன்னும்" என்றார்.

"நாளைக்குக் காலையில தரேன் மாமா" என்றாள்.